வந்தவர் பன்னிரண்டு, எறிந்தவர் பன்னிரண்டு

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஆரூரனுக்குக் காய்ச்சல் கொடுத்தேன். போன கிழமை ஐந்து நாளும் அவனை வரச்செய்துவிட்டேன். ஒரு பிள்ளை அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக வந்தாலும் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். ஆரூரன் தாய் தகப்பனோடு கனடாவுக்குப் போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. அங்கே அவன் சுகமாக இருக்கிறானோ தெரியாது. என் வரவு இடாப்பில் அவன் நாலாம் வகுப்பு, வரவு பரவாயில்லை, உடம்புதான் கொஞ்சம் நோஞ்சான்.

பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் பன்னிரண்டு. இடாப்பில் இருப்பவர்கள் பத்தொன்பது. மிச்சம் ஏழு பேரும் நெடுந்தீவை விட்டுப் போனவர்கள். பெயர்களை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறோம். பதினைந்துக்குக் கீழே இறங்கினால் பள்ளியைப் பூட்டி, இறங்குதுறைப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்பது அதிபர் சுபாஸ்கரன் சேரின் பயம். நான் வந்த முதல் கிழமையே கதிரையை இழுத்துப் போட்டு, இருத்தி வைத்துச் சொன்னார். "மீனலோசனி ரீச்சர், உதைப் பொய்யெண்டு நினையாதையும். பேர் இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கும். பள்ளிக்கூடம் இருந்தால்தான் இந்தப் பக்கத்தில சனம் இருக்கும்." அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இங்கே அவரும் நானும் மட்டும்தான் ஆசிரியர்கள். இடாப்பு என் பொறுப்பு. காலையில் ஏழு பொய் போட்டுவிட்டுத்தான் வெண்கட்டியைக் கையில் எடுக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

கொப்பித் தாளைக் கிழித்துப் பிளேன் விட்டார்கள் என்று ஆறு பேரை எழுப்பி நிற்கவைத்தேன். ஏசுவதற்கு வாயைத் திறந்தபோது நிலக்ஷன் சொன்னான், "என்ரதுதான் ரீச்சர் கனதூரம் போகும்." மற்ற ஐந்து பேரும் இல்லை, தங்களுடையதுதான் என்றார்கள்.

"எப்பிடித் தெரியும்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் ஏசுகிற எண்ணம் போய்விட்டது. கணிதத்தை மூடிவைத்துவிட்டுப் பின்னேரம் வரை பிளேன்தான்.

வெளியே விட ஏலாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று பிளேனைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கல்வேலிக்கு அப்பால் போடுகிறது. அது காற்றின் கெட்டித்தனம், பிளேனின் கெட்டித்தனம் இல்லை. மண்டபத்தின் தெற்குப் பக்கத்தைச் சாக்கால் அடைத்துவிட்டு உள்ளே எறிகிறோம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், எறியுமுன் எவ்வளவு போகும் என்று எழுத வேண்டும், எறிந்தபின் எவ்வளவு போனது என்று எழுத வேண்டும், எழுதியதை அழிக்கவே கூடாது. இவ்வளவும்தான் சட்டம். கண்டதை எழுதுங்கோ, விரும்பினதை எழுதாதேங்கோ என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். சொல்லும்போது மேசையில் இடாப்பு கிடந்தது. அதை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.

ஜூன் 12, வியாழன்

அளப்பதற்கு அளவுநாடா இல்லை. அனோஜினியின் தகப்பன் சந்தியோகு கடற்றொழிலாளி. வலை முடிகிற நைலோன் நூலான தங்கூசியில் மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டார். ஒரு கிழமையாக அதில்தான் அளந்தோம். நிலக்ஷன் ஒன்பது மீற்றர் எறிந்து ராசாவாகத் திரிந்தான்.

இன்று அனோஜினி தங்கூசியைக் கையில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நாலாம் வகுப்பு, எலும்பும் தோலுமாய் ஒரு பிள்ளை, பேச்சு மிகவும் குறைவு.

"ரீச்சர், இது இழுக்க நீளுது. நாங்கள் அளந்ததெல்லாம் பிழை."

மர அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். இழுக்கிறவரின் பலத்துக்கு ஏற்ப மீற்றர் மாறுகிறது. நிலக்ஷன் அழத் தொடங்கிவிட்டான். மண்டபமே அவளோடு கோபம். "விடுங்கோ ரீச்சர், கிட்டத்தட்டச் சரிதானே" என்கிறார்கள். எனக்கும் விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் விட மனம் வரவில்லை. ஒரு கிழமைக் கணக்கைக் கோடு போட்டு வெட்டி, கயிறு எடுத்து முடிச்சுப் போட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

ஏழு வருடம் படிப்பிக்கிறேன். நான் சொன்னதை என்னைவிட நம்புகிற பிள்ளையை இப்போதுதான் காண்கிறேன். சந்தோசமாக இருந்தது என்று எழுதலாம். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

எத்தனை பேர் எறிந்ததிலிருந்து சராசரி எடுத்தோம் என்று சொல்லாவிட்டால் அந்தச் சராசரிக்கு மதிப்பில்லை என்று படிப்பித்தேன். அனோஜினி பிளேன் கொப்பியில் ஒவ்வொரு நாளும் அடியில் எழுதுகிறாள்: வந்தவர் 12, எறிந்தவர் 12. நேற்றைய பக்கத்தில், வந்தவர் 11, நிலக்ஷன் வரவில்லை, வயிற்றுக்குத்து. முத்து முத்தான எழுத்து.

ஜூன் 19, வியாழன்

அவள் இடாப்பைப் பார்த்துவிட்டாள். "ஆரூரன் கனடாவிலெல்லோ ரீச்சர்? ஏன் சரி போட்டிருக்கு?"

"அது வேற கொப்பி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நம்பிவிட்டாள்.

ஜூன் 21, சனி

புளியங்கூடலில், வீட்டில். குறிகட்டுவானில் படகால் இறங்கும்வரை இரண்டு தரம் சத்தி எடுத்தேன். அம்மா வழக்கம்போல இடமாற்றத்தைப் பற்றியே கதை. மூன்றாம் தரமும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். வேலணைப் பக்கம் கிடைத்தால் இந்தக் கடலை மறந்துவிடலாம். கிடைக்கட்டும். ஐந்து வருடம் போதும்.

ஜூன் 26, வியாழன்

வலயக் கல்விக் கந்தோரிலிருந்து கிறிஸ்ரினா மிஸ் செவ்வாய்க்கிழமை வருகிறாராம். ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி. அதிபர் மண்டபத்தைக் கூட்டச் சொன்னார். ஏழு பேருக்கும் அன்றைக்கு என்ன வருத்தம் என்று யோசித்து வைக்கச் சொன்னார். நாலு பேரைப் பெரியகோயிலில் ஒரு கலியாணத்துக்கு அனுப்பிவிட்டேன். மற்ற மூன்று பேருக்கும் கண்ணோய்.

ஜூலை 1, செவ்வாய்

எப்படி எழுதுவது. நடந்தபடியே எழுதுகிறேன்.

கிறிஸ்ரினா மிஸ் பத்து மணிக்கு வந்தார். கடல் மோசம், சேலைக் கரையெல்லாம் நனைந்து, முகம் வெளிறிப்போய் வந்தார். நல்ல மனுசி. ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பிளேன் விடுறதெண்டு கேள்விப்பட்டன், விடுங்கோ பாப்பம்" என்றார். பிள்ளைகள் உசாராகிவிட்டார்கள். நிலக்ஷன் கோட்டைத் தாண்டிக் கால்வைத்து எறிந்தான். அனோஜினி அந்த எறிதலைச் சேர்க்க ஏலாது என்று சொல்லிவிட்டாள். மிஸ் சிரித்தார். பிளேனின் மூக்கில் ஏன் கிளிப் குத்துகிறீர்கள் என்று கேட்டார். "முதல் கிளிப் இல்லாமல் அஞ்சு தரம், பிறகு குத்தி அஞ்சு தரம். வேற ஒண்டும் மாத்தேல்லை" என்று பன்னிரண்டு வாயும் ஒன்றாய்ச் சொன்னது.

மிஸ் கொப்பியைப் புரட்டினார். "இருவது வருசமாப் பள்ளிக்கூடங்களுக்குப் போறன் ரீச்சர். இப்பிடி ஒரு கொப்பி நான் காணேல்லை."

அந்தச் சொல் என் தலைக்கேறிவிட்டது. அதுதான் நடந்தது. வேறு ஒன்றுமில்லை. "கந்தோருக்குள்ள இருந்து ஆறுதலாப் பாருங்கோ மிஸ்" என்று நானே, என் கையாலேயே, கொண்டுபோய் வைத்தேன். அதிபரின் அறை மேசையில் இடாப்பு கையொப்பத்துக்காக விரித்து வைத்திருந்தது. எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்ட இடாப்பைத் தவிர வேறு ஒரு கணக்கும் இந்தப் பள்ளியில் இருந்ததில்லை. இருக்கக் கூடாது என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? பெருமை. பிள்ளைகளின் பெருமையென்று சொல்லிக்கொண்டு என்ர பெருமை.

மிஸ்ஸின் விரல் இந்தக் கொப்பியிலிருந்து அந்தக் கொப்பிக்குப் போனது. திரும்பி வந்தது. பக்கம் புரட்டினார்.

"ஜூன் பதினெட்டு, இடாப்பில பதினேழு வரவு. இதில வந்தவர் பன்னிரண்டு எண்டு கிடக்கு."

அதிபர் உடனே சொன்னார். "விருப்பமான பிள்ளையள்தான் எறிஞ்சது மிஸ். மற்றாக்கள் படம் கீறிக்கொண்டு இருந்தவை."

மிஸ் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார் மட்டும்தான். ஓம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, நான்தான் பொய் போட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

கொப்பியை வாங்கிக்கொண்டு போக அனோஜினி வாசலில் வந்து நின்றாள். "பிள்ளை, இஞ்ச வாரும்" என்றார் மிஸ். "அண்டைக்கு எத்தினை பேர் வந்தனீங்கள்?"

அவள் கொப்பியைத் தரச்சொல்லிக் கேட்டு, பக்கத்தை எடுத்து, விரலை வைத்துப் பார்த்துத்தான் சொன்னாள். "வந்தவர் பன்னிரண்டு, எறிந்தவர் பன்னிரண்டு மிஸ். கீழ எழுதியிருக்கு."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரியான விடை சொன்ன பிள்ளை பார்க்கிற பார்வை. நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் தலையாட்டினேன்.

ஜூலை 3, வியாழன்

அதிபர் இரண்டு நாள் கதைக்கவில்லை. இன்று கதைத்தார். "நீர் ஏன் உந்தக் கொப்பியைக் கொண்டுவந்து வைச்சனீர்? உமக்குத் தெரியாதே?" பிறகு, மெல்ல: "மாற்றம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கிறீரெல்லோ. பள்ளிக்கூடம் பூட்டினால் உமக்குச் சுகம்தானே."

அழுகை வந்துவிட்டது. இல்லை சேர், இல்லை என்று நாலைந்து தரம் சொன்னேன். அறைக்கு வந்தபின் யோசித்தேன்: உண்மையாகவே இல்லையா? எந்த மூலையிலாவது அந்த எண்ணம் கிடந்ததா? கொப்பியைக் கொண்டுபோனபோது வேலணை என் மனதில் இருந்ததா? நினைவில்லை. நினைவில்லை என்பதை நம்பவும் ஏலாமல் கிடக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியைச் சேர்க்கப் போகிறார்கள் என்று கதை ஊருக்குள் வந்துவிட்டது. எங்கே, எப்படி வெளிவந்தது என்று யாரும் கேட்கவில்லை. அனோஜினி சொன்னாள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இடைவேளையில் நிலக்ஷன், "நீதான் எங்கட பள்ளிக்கூடத்தைப் பூட்டினனீ" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். "டேய், வாயை மூடு" என்று அவனை அதட்டினேன். அவன் சொன்னது பிழை என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று அவளுக்கு விளங்கியிருக்கும்.

ஜூலை 9, புதன்

பிளேன் எறிய ஒருவரும் வரவில்லை. அனோஜினி எழுதினாள்: வந்தவர் 12, எறிந்தவர் 1.

ஜூலை 16, புதன்

கடிதம் வந்துவிட்டது. மூன்றாம் தவணையிலிருந்து பிள்ளைகள் பெரிய பள்ளிக்கு. இங்கிருந்து ஐந்து கிலோமீற்றர்.

பின்னேரம் பெற்றோர் கூட்டம். நிலக்ஷனின் தாய் எழும்பி நின்று கேட்டார். "சோளகத்துக்கையும் மாரிக்கையும் இந்தக் குஞ்சுகுருமனுகள் அவ்வளவு தூரம் எப்பிடிப் போறது? ஒரு சின்னப்பிள்ளையின்ர வாயால எல்லாம் போச்சே!" அதிபர் நிலத்தைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் கடைசி வாங்கில் இருந்த சந்தியோகுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழும்பி முன்னுக்கு வந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அறியாப்பிள்ளை. தெரியாமல் சொல்லிப்போட்டாள். எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் அப்போதும் எழும்பவில்லை. ஐயோ, ஏனடி எழும்பேல்லை நீ? மூன்று அடி தூரத்தில் நிற்கிறார் மனுசன். என்ர பொய்க்கு மன்னிப்புக் கேக்கிறார். வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதா? வேலையும் மாற்றமும் போய்விடும் என்று பயம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், இதுதான்.

ஜூலை 17, வியாழன்

அனோஜினி வரவில்லை. தகப்பன் அடித்தவராம், இனிமேல் பெரியாக்கள் கேட்டால் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி. யாருக்கும் அடிக்காத மனுசன் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று வலயத்துக்கு: இடாப்பில் பொய்யாக வரவு போட்டது நான், கேட்டபோது மௌனமாக இருந்ததும் நான். மற்றது அதிபருக்கு, அதன் பிரதி. அவர் வாசித்துவிட்டு, "உம்மையும் சேத்து அழிச்சுப்போட்டீர்" என்று மட்டும் சொன்னார். அவர் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்தாரோ தெரியாது.

பள்ளி விட்டபின் சந்தியோகு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டார், நான் இருக்கவில்லை. "சந்தியோகு அண்ணை, பொய் போட்டது நான். உங்கட பிள்ளை உண்மையைச் சொன்னவள். அவளிலை ஒரு பிழையும் இல்லை."

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது தெரியுந்தானே ரீச்சர். இடாப்பிலை ஆக்கள் கூட எண்டு ஊருக்கே தெரியும். ஆரூரன்ர தாய் போகேக்கை பேரை வெட்டவேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு உதவட்டுமெண்டு தானே சொல்லிப்போட்டுப் போனவ. அவள் பொய் சொன்னாளெண்டு ஆர் கோவிக்கினம்? உண்மையைச் சொன்னதுக்குத்தான் கோவிக்கினம்."

ஊருக்குத் தெரியாத ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வந்ததாக நினைத்துக்கொண்டு அல்லவா நடந்து வந்தேன். அடுப்படிக் குசினி வாசலில் அனோஜினி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான் அவளிடம், "நீர் செய்தது சரி பிள்ளை" என்றேன். அவள் தகப்பனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஒரு கிழமைக்கு முன்னால், கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால்? அப்போது அதற்கு ஒரு பெறுமதி இருந்திருக்கும். இப்போது முற்றத்தில் சொன்னது என் மனப்பாரத்தை இறக்க மட்டும்தான் உதவியது. அதுவும் இறங்கவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

கடைசி நாள். வாங்கு மேசைகளை லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். அதிபர் திறப்பை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, பூட்டை இழுத்தும் பார்த்தார். திருட அங்கே ஒன்றும் இல்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்

இடமாற்றம் இல்லை. விளக்கம் கேட்டுக் கடிதம், விசாரணை முடியும்வரை பெரிய பள்ளியில் கடமை. அம்மா தொலைபேசியில் கடிதத்தை வாசிக்கச் சொன்னா. பிறகு, "சாப்பிட்டியா" என்று கேட்டா.

பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் அதே லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் வந்து இறங்கினார்கள். செம்மண் புழுதி தலையெல்லாம். அனோஜினி பெட்டியின் ஒரு மூலையில் தனியாக.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

நிலக்ஷனின் குடும்பம் வவுனியாவுக்குப் போய்விட்டது. இன்னுமொரு குடும்பமும் போகிறதாம். பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் சனமும் இருக்காது என்று சுபாஸ்கரன் சேர் சொன்னதுதான் நடக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் ஓய்வூதியத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார்.

செப்ரெம்பர் 23, செவ்வாய்

அனோஜினி நன்றாகப் படிக்கிறாள் என்று இங்கத்தைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை என்கிறார்கள். சந்தோசப்பட வேண்டிய கதைதான்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

வலயக் கண்காட்சிக்குப் பிளேன் பரிசோதனையைக் கொண்டுபோகலாம் என்று கிறிஸ்ரினா மிஸ் கடிதம் போட்டிருந்தார். இங்கத்தைய அதிபருக்கு நல்ல சந்தோசம். எனக்கு மனமில்லை, ஆனாலும் அனோஜினிக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மேடையில் நின்று, கண்டதைக் கண்டபடி சொல்லி, நாலு பேர் கைதட்டக் கேட்டால் அவள் பழையபடி ஆகிவிடுவாள். அவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம்.

பின்னேரம் பெரிய மண்டபத்தில் அவளும் நானும். புதுக்கொப்பி. எறியுமுன் பத்து மீற்றர் போகும் என்று எழுதினாள். கோட்டில் கால்வைத்து ஒழுங்காக எறிந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க் குனிந்து முடிச்சுகளை எண்ணினாள், இரண்டு தரம். திரும்பி வந்து கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலோடு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"எழுதும்" என்றேன்.

"எத்தினை போட ரீச்சர்?"

"எத்தினை முடிச்சு எண்ணினீர்?"

"ஏழு." பென்சிலைக் கொப்பியில் வைத்துக்கொண்டு கேட்டாள். குரலில் கோபமில்லை, குத்தலில்லை, உதவி செய்யப்போகிற பிள்ளையின் குரல். "உங்களுக்கு எத்தினை வேணும்?"

ஏழு என்றேன். சரி ரீச்சர் என்று நான் சொன்னபடியே எழுதினாள்.